நுவரெலியாவில் உறைந்த ஜெலி கண்டியில் ஏன் தண்ணீராகிறது?

ஏப்ரல் விடுமுறையில் மலையகத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடும்போது ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவருவது வழக்கம். சோறும் கோழிக்கறியும் கைதேர்ந்தவர்கள் தலையில் விழும். சமைக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவரிடம் மட்டும், "நீங்க ஏதாவது இனிப்பு கொண்டுவாங்க, போதும்" என்பார்கள். அவரும் கடையில் இரண்டு ஜெலி பக்கற் வாங்கி, வெந்நீரில் கரைத்து, இரவில் சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். நுவரெலியாவில் இதற்குக் குளிர்சாதனப் பெட்டி எதற்கு? விடிந்து பார்த்தால் ஜெலி கிண்ணென்று நிற்கும்.

சிக்கல் பஸ்ஸில்தான் தொடங்கும். இறம்பொடை வளைவுகளில் ஆடினாலும் ஜெலி தாக்குப்பிடிக்கும். புசல்லாவை தாண்டும்போது விளிம்பில் ஈரம் தெரியும். கம்பளையில் தட்டைச் சாய்த்தால் மொத்தமும் சாயும். கண்டியில் மூடியைத் திறக்கும்போது உள்ளே இருப்பது சிவப்புச் சர்பத். பழி பெரும்பாலும் பஸ் ஓட்டியவர்மேல் போகும். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி சுமார் 500 மீற்றரில். ஆயிரம் மீற்றர் இறங்கினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் கூடும். அப்படிப் பார்த்தால் மேலேயிருந்து கண்டிக்கு வருவதற்குள் ஒன்பது பாகை வித்தியாசம். நுவரெலியாவின் ஏப்ரல் இரவு 12 பாகை அளவுக்கு இறங்கும், கண்டியின் ஏப்ரல் மதியம் 30-ஐத் தொடும். ஜெலியை உறையவைக்கும் ஜெலட்டினின் வாழ்வும் சாவும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான்.

ஜெலட்டின் ஒரு புரதம். மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனை நீண்ட நேரம் சூடாக்கிப் பிரித்தெடுப்பது. கொலாஜன் என்பது மூன்று பிரியாக முறுக்கிய கயிறு மாதிரி. சூட்டில் பிரிகள் அவிழ்ந்து, தனித்தனி இழைகளாகத் தண்ணீரில் மிதக்கும். ஆறும்போது இழைகள் பழையபடி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஆனால் தன் பழைய துணையைத் தேடிப் பிடிக்க முடியாமல், அருகில் கிடைத்த இழைகளோடு அங்கங்கே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அந்த முடிச்சுகளுக்கு நடுவே தண்ணீர் மாட்டிக்கொள்வதுதான் ஜெலி. உண்மையில் அதில் ஜெலட்டின் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் இருக்கும். மிச்சமெல்லாம் சீனித் தண்ணீர்.

முடிச்சுகளைக் கட்டி வைத்திருப்பவை பலவீனமான ஐதரசன் பிணைப்புகள். 25 பாகை தாண்டினால் தளரத் தொடங்கும், 30-ஐ ஒட்டி உருகிவிடும். வாயில் போட்டதும் கரைந்து வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்தச் சுகத்துக்கும் இதுவே காரணம். நம் நாக்கு 35 பாகைக்கு மேல். வாயில் உருகும் ஜெலி கண்டியிலும் உருகத்தான் செய்யும், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் தடுக்க முடியாது.

இன்னொரு எதிரி பழம். மலிவாகக் கிடைக்கிறதே என்று சமைக்காத அன்னாசியை வெட்டிப் போட்டால் ஜெலி உறையவே உறையாது. அன்னாசியில் புரோமெலெயின் என்று ஒரு நொதியம் இருக்கிறது. புரதத்தை வெட்டுவதுதான் அதன் தொழில். ஜெலட்டின் இழைகளைத் துண்டு துண்டாக்கிவிட்டால் முடிச்சுப் போட எதுவும் மிஞ்சாது. பப்பாசியில் உள்ள பப்பெயினும் இதே வேலையைச் செய்யும். இஞ்சியிலும் இப்படி ஒரு நொதியம் உண்டு. அன்னாசித் துண்டுகளைச் சீனிப் பாகில் சில நிமிடம் கொதிக்கவிட்டால் நொதியம் செயலிழந்துவிடும். டின் அன்னாசி தொல்லை தராததற்கும் அதுவே காரணம், அதை ஏற்கெனவே சூடாக்கித்தான் அடைக்கிறார்கள்.

பந்தியில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். மலையகத்துக் கூட்டத்தில் சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டி இருப்பார், ஹலால் பார்த்து உண்ணும் பக்கத்து வீட்டார் இருப்பார்கள். பக்கற்றில் சின்ன எழுத்தில் ஜெலட்டின் என்று இருந்தால் இருவருமே தயங்குவார்கள்.

சரி, கீழே இறங்கினாலும் உருகாதது எது? கடற்பாசி. முஸ்லிம் வீடுகளில் நோன்புக் காலத்தில் தவறாமல் செய்வார்களே, அதே பொருள்தான். நூலாகவும் தூளாகவும் கடையில் கிடைக்கும். அறிவியல் பெயர் அகார். கிராசிலேரியா, ஜெலிடியம் போன்ற சிவப்புக் கடற்பாசிகளின் செல்சுவரிலிருந்து வருகிறது. கிராசிலேரியா நம் புத்தளம் களப்பிலேயே வளர்கிறது. ஆங்கிலேயர் காலத்துச் சந்தையில் அதைச் 'சிலோன் மொஸ்' என்றே விற்றார்கள்.

அகார் புரதமில்லை, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. அதனால் அன்னாசியின் நொதியத்துக்கு அங்கே வேலை இல்லை. இதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. ஜெலட்டின் உறையும் வெப்பமும் உருகும் வெப்பமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அகார் அப்படி இல்லை. 40 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் உறையும். ஆனால் உறைந்ததை மறுபடி உருக்க 85 பாகை வேண்டும். நடுவில் நாற்பத்தைந்து பாகை இடைவெளி! சங்கிலிகள் ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்கின்றன. அந்த முறுக்குகள் பல சேர்ந்து தடித்த கற்றைகளாகின்றன. கற்றையானபின் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால், சேரவிட்ட சூட்டைவிடப் பிரிக்கும் சூடு மிக அதிகமாகிவிடுகிறது. கண்டி வெயில் என்ன, கொழும்பு வெயிலிலும் அகார் ஜெலி அசையாது.

கோடை வெயிலில் உருகாத இனிப்பு என்ற இந்த விஷயம் ஒருமுறை மருத்துவ வரலாற்றையே திருப்பிவிட்டது. 1881-இல் ஜேர்மனியில் கிருமி ஆய்வாளர் ரொபர்ட் கோக்கின் ஆய்வுகூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் பக்டீரியாக்களை ஜெலட்டின்மேல் வளர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். கோடையில் ஜெலட்டின் உருகியது. உருகாத நாட்களில் பக்டீரியாக்களே அதைத் தின்று கூழாக்கின. உங்கள் பழ ஜெலியும் புட்டிங்கும் மட்டும் இந்த வெயிலில் எப்படி நிற்கின்றன என்று மனைவி ஃபேனியிடம் கேட்டார். அகார் சேர்ப்பதாக அவர் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த பழக்கமான டச்சுக்காரர்கள் அவருக்கு இளவயதிலேயே அந்தப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அகார் ஆய்வுகூடத்துக்குப் போனது. 1882-இல் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்த கட்டுரையில் அகார் பற்றிய குறிப்பு இருக்கிறது, ஃபேனி ஹெஸ்ஸேயின் பெயர் இல்லை. இன்றைக்கும் எந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலும் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது அந்தச் சமையலறைப் பொருள்தான். எனக்கு இது கொஞ்சம் கோபம் வரவழைக்கும் கதை.

மலைமேல் அகார் செய்வதில் ஒரு நெளிவுசுளிவு உண்டு. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீரும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். நுவரெலியாவில் தண்ணீர் கொதிப்பது சுமார் 94 பாகையில். அகார் முழுதாகக் கரைய அதற்குச் சற்றுக் கீழே வரை சூடு வேண்டும் என்பதால், கொதி வந்ததும் இறக்கிவிட்டால் கரையாத துகள்கள் மிஞ்சும், ஜெலி நெகிழும். தண்ணீர் தெளிந்து, கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஒரு துகளும் தெரியாத வரை மெல்லக் கொதிக்கவிட வேண்டும். ஒரு லீற்றருக்குப் பத்துக் கிராம் தூள் இருந்தால் கத்தியால் வெட்டித் துண்டு போடலாம். சீனியை முதலிலேயே கொட்டினால் அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து, அகார் ஊறுவதைக் கெடுக்கும். கரைந்த பிறகு சீனி. தேசிக்காய்ப் புளியோ அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். கொதிநிலையில் புளிப்பு சேர்ந்தால் சங்கிலிகள் அறுந்துபோகும்.

தேங்காய்ப்பால் சேர்த்தால் தட்டில் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். கட்டிப் பாலை ஊற்றிய கலவை மெதுவாக ஆறினால், கொழுப்பு மிதந்து மேலே வெள்ளைப் படையாகவும் கீழே கலங்கலான கண்ணாடிப் படையாகவும் பிரிந்து உறையும். பார்க்கிறவர்கள் இரண்டு தடவை ஊற்றியதாக நினைப்பார்கள். நுவரெலியாவின் குளிர்ந்த சமையலறையில் கலவை சீக்கிரம் உறைந்துவிடுவதால் பிரிய நேரம் போதாது. இரண்டு படை வேண்டுமென்றால் தட்டைத் துணியால் சுற்றி மெல்ல ஆறவிடுங்கள்.

அகாரிடம் குறை இல்லாமல் இல்லை. வாயில் கரையாது, பல்லில் நறுக்கென்று உடையும். இந்தத் தன்மை சிலருக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து ஆவியில் வேகவைக்கும் இனிப்பு.

வட்டிலப்பத்தில் பிடித்து வைப்பது முட்டைப் புரதம். இது உறைவது ஒருவழிப் பாதை. சூட்டில் சுருள் விரிந்த புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்தபின் எந்தக் குளிரும் வெயிலும் அதைத் திருப்பாது. தனி முட்டை 70 பாகை தாண்டியதும் கெட்டியாகிவிடும். தேங்காய்ப்பாலும் கித்துள் பனையின் கருப்பட்டியும் கலந்தால் புரதங்கள் விலகி நிற்பதால் 80-க்கு மேல்தான் உறையும். அதற்கும் மேலே சூடு ஏறினால் பிணைப்பு அளவுக்கு மிஞ்சி இறுகி, தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். வெட்டும்போது ஓட்டை ஓட்டையாக இருந்து அடியில் தண்ணீர் நின்றால் இதுதான் நடந்திருக்கிறது.

இந்த விஷயத்தில் மலைநாட்டுக்காரருக்கு இயற்கையே கைகொடுக்கிறது. கொழும்பில் ஆவி 100 பாகை, நுவரெலியாவில் 94. வட்டிலப்பம் உறையும் 85-ஐ ஒட்டி வரும்போது, கொழும்புப் பாத்திரத்தில் ஆவிக்கும் கலவைக்கும் பதினைந்து பாகை வித்தியாசம் இருக்கும், இங்கே ஒன்பதுதான். வித்தியாசம் குறைந்தால் சூடு உள்ளே போகும் வேகமும் குறையும். நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் இறக்கத் தாமதமானாலும் அவ்வளவு எளிதில் கெடாது. பொறுமை இல்லாமல் பிரஷர் குக்கரில் விசில் போட்டு வைத்தால் உள்ளே வெப்பம் 110-ஐத் தாண்டிவிடும். பருப்புக்குச் சரி, வட்டிலப்பத்துக்கு நாசம். குக்கர்தான் இருக்கிறதென்றால் விசிலை எடுத்துவிட்டு வேகவையுங்கள். மேலே எண்ணெய்த்தாள் மூடாவிட்டால் மூடியிலிருந்து சொட்டும் நீர் முகத்தில் குழி போடும்.

மேலேயே பரிமாறினால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தேங்காய்க் கொழுப்பு 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும். நுவரெலியாவில் காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாதே, அதே சமாச்சாரம். குளிர்ந்த வட்டிலப்பம் நாக்கில் மெழுகுபோல் ஒட்டி, ஏலக்காய், சாதிக்காய் வாசனையும் அடங்கியிருக்கும். கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் கொழுப்பு இளகி வாசனை எழும்பும். கண்டியில் இந்த வேலையை வெயிலே செய்துவிடும்.

பிஸ்கட் புட்டிங்கை நான் கீழிருந்து மேலே வருபவர்களுக்குத்தான் சொல்வேன். மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து, பட்டரும் ஐசிங் சீனியும் கொக்கோவும் அடித்த கலவையை நடுநடுவே பூசி அடுக்குவது. அடுப்பே வேண்டாம், குழந்தைகள் தட்டைச் சுற்றி நிற்பார்கள். பிஸ்கட்டின் நுண்துளைகள் பாலை உறிஞ்சும். இரவு முழுக்க அந்த ஈரம் நடுப்பகுதிக்கும் பரவுவதால் மறுநாள் கேக்போல வெட்ட வரும். ஆனால் அதைத் தாங்கி நிற்பது பட்டரின் கொழுப்புப் படிகங்கள்தான். 30 பாகையில் அவற்றில் பெரும்பகுதி உருகி, அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மேலே கொண்டுவந்தால் கற்போல நிற்கும். செய்வதற்கோ நேர்மாறு: நுவரெலியாக் குளிரில் பட்டர் இளகாமல் சீனியோடு சேராது திரளும், பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்து அடிக்க வேண்டியிருக்கும்.

இனி பாணி எனும் பாகு. தயிரோ கடற்பாசியோ, மேலே ஊற்றக் கித்துள் பாணி எடுத்துப் போகிறவர்கள் பலர் வீட்டிலேயே ஊற்றிவிடுவார்கள். பாணியில் சீனி செறிவு அதிகம், பக்கத்தில் இருக்கும் ஈரத்தைத் தன்னிடம் இழுக்கும். தயிரின் நீர் பிரிந்து மேலே வந்துவிடும், ஜெலித் துண்டுகள் சுருங்கி மிதக்கும். போத்தலைத் தனியாக இறுக மூடி எடுத்துப் போய், கோப்பையில் போட்டுக் கொடுக்கும்போது ஊற்றுங்கள். குளிர்ந்த பாணி இறங்க மறுக்கும். கண்டிக்குப் போகிறீர்கள் என்றால் அதற்குள் அது தானாகவே இளகியிருக்கும். நுவரெலியாவிலேயே என்றால் போத்தலை ஐந்து நிமிடம் வெந்நீரில் வைத்தால் போதும்.