‘வஞ்சிரம்ஐ வாங்கினாய்’

வியாசர்பாடியில் இருக்கும் என் நண்பர்கள் இருவர், காசிமேட்டு மீன் ஏலத்தை வைத்து ஒரு சிறிய கைப்பேசி விளையாட்டை ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு, அதைத் தமிழாக்கித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய 300 வரிகள்தாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடிந்தும் விட்டது. ஆனால் விளையாட்டை ஓடவிட்டபோது திரையில் முதலில் வந்த வரி ‘வஞ்சிரம்ஐ வாங்கினாய்’ என்றிருந்தது. அடுத்து வந்த உரையாடலில் எழுத்துகள் தோன்றும்போதே இடம்விட்டு இடம் துள்ளின. இரண்டு கோளாறுகளும் நான் எழுதிய தமிழில் இல்லை. அந்தத் தமிழை ஒட்டிக் காட்டும் நிரலில் இருந்தன.

விளையாட்டில் வரும் வாக்கியங்கள் பொதுவாக நிரலோடு கலந்து கிடப்பதில்லை. அவை ஸ்ட்ரிங் டேபிள் எனப்படும் தனி அட்டவணையில் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளப் பெயர், அதற்கு எதிரே ஒவ்வொரு மொழியிலும் அதன் வடிவம். ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் சொல் வரவேண்டிய இடத்தை அடைப்புக்குறி போட்டுக் காலியாக விட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் அந்தக் காலியிடத்தில் எந்த மீனின் பெயரை வைத்தாலும் பெயர் உருமாறாது. முன்னால் வருவது ‘எ’யா ‘ஆன்’ஆ என்ற சிறு தொல்லையைத் தவிர வாக்கியமும் அப்படியே நிற்கும். எழுத்தை எழுத்தோடும் சொல்லைச் சொல்லோடும் மணிபோல் கோத்துக்கொண்டே போகலாம் என்ற இந்த எண்ணம் விளையாட்டு நிரல்களில் வெகுகாலமாக ஊறிப்போனது. 1983இல் வந்த நின்டெண்டோவின் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற விளையாட்டுக் கருவி, திரை முழுவதையும் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாலேயே நிரப்பியது. ஆங்கில எழுத்து ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ‘ஞௌ’ அடங்குமா என்பதை யாரும் யோசித்திருக்க வழியில்லை.

முதலில் எழுத்துகள் துள்ளிய கதையைப் பார்ப்போம். உரையாடல் வரிகளை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்வதுபோல் காட்டுவது பல விளையாட்டுகளின் வழக்கம். ‘கொடுவா’ என்ற சொல்லில் நமக்குத் தெரிவது மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் உலகப் பொது முறையான யூனிகோடில் அது ஆறு குறிகள்: க, ஒகரக் குறி, ட, உகரக் குறி, வ, ஆகாரக் குறி. நிரல் ஒவ்வொரு குறியையும் ஓர் எழுத்தாக எண்ணியதால் முதல் தட்டலில் ‘க’ தோன்றியது. இரண்டாம் தட்டலில் அதன் இடப்பக்கத்தில் ஒற்றைக் கொம்பு முளைக்க, ஏற்கெனவே நின்றிருந்த ‘க’ வலப்பக்கம் தள்ளப்பட்டது. ‘நண்டு’ வந்தபோது முதலில் ‘நண’ என்று நின்று, ஒரு கணம் கழித்துப் புள்ளி வந்து உட்கார்ந்தது. ஒரு மெய்யோடு சேரும் குறிகளை ஒரே தொகுப்பாகப் பிரித்தறியும் விதிகளை யூனிகோடு அமைப்பே வெளியிட்டிருக்கிறது. அவற்றைப் பின்பற்றியதும் துள்ளல் நின்றது. ‘க்ஷ’வுக்கும் ‘ஸ்ரீ’க்கும் மட்டும் நாங்களே தனியாக இரண்டு வரி எழுதிச் சேர்த்தோம்.

ஒற்றைக் கொம்பு நினைவகத்தில் மெய்க்குப் பின்னால் இருக்கிறது. திரையில் மெய்க்கு முன்னால் வருகிறது. இந்த இடமாற்றத்தைச் செய்வதும், க என்ற வடிவத்தோடு உகரக் குறி சேரும்போது எழுத்துருவிலிருந்து ‘கு’ என்ற தனி வடிவத்தை எடுத்து வைப்பதும் வடிவமைப்பு நிரல் என்ற இடைநிலைக் கருவியின் வேலை. ஹார்ஃப்பஸ் என்ற திறமூலக் கருவி இதை நன்றாகச் செய்கிறது. 2023இல் வந்த கோடோ 4 என்ற விளையாட்டு இயந்திரம், அதாவது விளையாட்டுகளை உருவாக்கி ஓட்டும் மென்பொருள், அதை உள்ளேயே சேர்த்துக்கொண்டது. இந்தக் கருவி இல்லாத இயந்திரத்தில், எழுத்துரு எவ்வளவு அழகாக இருந்தாலும் ‘தெரு’ என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஏன் இந்தச் சுற்றுவழி? 1991இல் தமிழ் யூனிகோடில் இடம்பெற்றபோது, இந்திய மொழிகளுக்கு அதற்கு முன்பே இருந்த இஸ்கி குறியேற்றத்தின் அமைப்பே பின்பற்றப்பட்டது. அதில் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண்கள். 247 எழுத்துகளுக்கும் ஒவ்வோர் எண் வேண்டும் என்ற வாதம் தமிழ்நாட்டில் வலுவாக எழுந்ததன் விளைவாக, அப்படி அமைந்த டேஸ் 16 குறியேற்றத்தை மாநில அரசு 2010இல் ஏற்றது. அந்த வாதத்தின் மீது எனக்குப் பரிவு உண்டு. ஆனால் உலகத்து எந்திரங்களெல்லாம் யூனிகோடு பேசும்போது, தனிப்பாதை போட்டுக்கொள்வதைவிட வடிவமைப்பு நிரலைச் சரியாகப் பயன்படுத்துவதே ஒரு நிரலாளனாக எனக்குச் சரியெனப் படுகிறது.

இனி வஞ்சிரத்துக்கு வருவோம். எழுத்தில் நடந்த ஒட்டலே இங்கே சொல்லில் நடக்கிறது. தமிழ் ஒட்டுநிலை மொழி. ஐ, ஆல், கு என்னும் உருபுகள் பெயரின் மேல் சும்மா உட்காருவதில்லை, பெயரையே மாற்றிவிடுகின்றன. வஞ்சிரம் வஞ்சிரத்தை ஆகும், சங்கரா சங்கராவை ஆகும், நெத்திலி நெத்திலியை ஆகும், நண்டு தன் உகரத்தை விட்டுவிட்டு நண்டை ஆகும். போதாக்குறைக்கு, பின்னால் வரும் சொல் வல்லினத்தில் தொடங்கினால் இடையில் ஒற்று மிகும்: ‘நண்டை வாங்கு’ ஆனால் ‘நண்டைத் தூக்கு’. எனவே காலியிடத்துக்குப் பின்னால் ‘ஐ’ என்று எழுதிவைத்தால் விடை எப்போதும் தவறாகவே வரும்.

நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு நிரல் எழுதலாம் என்றுதான் முதலில் இறங்கினேன். தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டும் என்பதும், இகரத்துக்குப் பின் யகரமும் ஆகாரத்துக்குப் பின் வகரமும் உடம்படுமெய்யாக வரும் என்பதும் ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்ற நிரல் நடையிலேயே அமைந்தவை. மீன்களுக்கு அவை போதுமாக இருந்தன. துறைமுகத்தின் மற்றப் பொருள்கள் வந்ததும் தடுமாற்றம் தொடங்கியது. ‘ஐஸ்’ என்பது ஐஸை ஆகிறது, ‘போட்’ மட்டும் போட்டை ஆகிறது. டகர ஒற்றில் முடியும் சொல்லே தமிழில் கிடையாது என்பதால், நம் வாய் அதைப் போட்டு என்று உகரம் சேர்த்து எடுத்துக்கொண்டு பிறகு வேற்றுமைப்படுத்துகிறது. இப்படி ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கு எழுதுவதைவிட, அட்டவணையில் ஒவ்வொரு பொருளுக்கும் எழுவாய் வடிவத்தோடு ‘ஐ’ ஏற்ற வடிவத்தையும் கையால் எழுதிவைப்பது எளிது என்ற முடிவுக்கு வந்தோம்.

அதன் பிறகுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மீன் வாங்கி வருபவர் யாரும் வீட்டில் ‘வஞ்சிரத்தை வாங்கினேன்’ என்று சொல்வதில்லை. ‘வஞ்சிரம் வாங்கினேன்’ என்றுதான் சொல்வார். இன்ன மீன் என்று குறிப்பாகச் சுட்டாதபோது அஃறிணைப் பெயருக்கு ஐ உருபு தொக்கி நிற்பது தமிழின் இயல்பு. ‘உனக்கு வஞ்சிரம் கிடைத்தது’ என்று எழுதினால் வஞ்சிரம் எழுவாயாகிவிடுவதால் உருபுக்கே வேலையில்லை. ‘10 கூடை நண்டு’ என்பதில் பன்மை விகுதியும் வேண்டாம். ரஷ்ய மொழிக்கு மூன்று, அரபு மொழிக்கு ஆறு என்று எண்ணிக்கைக்கேற்ற வடிவங்களைத் தாங்கும்படி வடிவமைத்த கருவிகளில், ‘கூடை’ என்ற ஒரே வடிவத்தை ஒருமை, பன்மை என்ற இரண்டு இடங்களிலும் ஒட்டிவிட்டு நகர்ந்தேன். ஆங்கில வரியின் அமைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திராமல் இருந்திருந்தால் பாதிச் சிக்கல் எழுந்தே இருக்காது.

மீதிப் பாதி மனிதர்களால் வந்தது. உயர்திணைக்கு உருபைத் தொகைப்படுத்த முடியாது. வினைமுற்றோ ஆண்பாலா பெண்பாலா என்று கேட்கிறது. ஏலத்தில் எடுப்பவரின் பாலை நிரலுக்குச் சொல்லிக்கொடுத்து ‘எடுத்தான்’, ‘எடுத்தாள்’ எனப் பிரிக்கலாம்; நாங்கள் எல்லாருக்கும் ‘எடுத்தார்’ என்று வைத்துவிட்டோம். ஆனால் உரையாடலில் அந்த மரியாதை செல்லாது. மீன்கார அக்கா ஆட்டக்காரனிடம் “இன்னாபா, நாஸ்தா துன்னியா?” என்று கேட்காமல் ‘சிற்றுண்டி உண்டீர்களா’ என்று கேட்டால் அது காசிமேடாக இராது. உருதுவிலிருந்து வந்த நாஸ்தாவும் பேஜாரும் அந்தத் துறைமுகத்தின் சொற்கள். அவற்றைத் திருத்தச் சொன்ன ஒரு நண்பரோடு அரைமணி நேரம் வாதாடி வென்றேன்.

வெல்ல முடியாமல் போனது ஒன்றே ஒன்று: ஆட்டக்காரர் தாமே தட்டச்சு செய்யும் பெயர். ஃபாத்திமா ஃபாத்திமாவை ஆவார், டேவிட் டேவிட்டை ஆவார். இன்னும் யார் யார் என்ன பெயரோடு வருவார்கள் என்பது எந்த அட்டவணைக்கும் அடங்காது. ‘என்பவரை’ என்று சேர்த்துப் பார்த்தோம். நீதிமன்ற அழைப்பாணைபோல் இருந்தது. கடைசியில் ‘நீ டேவிட்டை வென்றாய்’ என்பது ‘டேவிட் தோற்றார்’ என்றானது.