காணாமல் போன டிஎல்எல்லைத் தேடி டவுன்லோட் செய்யாதீர்கள்

போன கிழமையும் அதே கதைதான். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை திருகோணமலை உப்புவெளியில் இருந்து அம்மாவோடு என்னுடைய கணினி திருத்தும் கடைக்கு லப்டொப்பைக் கொண்டுவந்தாள். வீடியோ எடிட் செய்யும் மென்பொருளைத் திறந்தபோது 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை' என்று ஒரு பிழைச்செய்திப் பெட்டி வந்திருக்கிறது. டிஎல்எல் என்பது மென்பொருட்கள் ஓடுவதற்குத் தேவையான ஒரு துணைக்கோப்பு. அந்தப் பெயரை அப்படியே கூகுளில் போட்டு, முதலில் வந்த தளத்தில் இருந்து கோப்பை இறக்கி, விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறாள். சரிவரவில்லை. அடுத்த தளம், எல்லா டிஎல்எல்லையும் ஒரே கிளிக்கில் திருத்தும் கருவி என்று ஒன்றைக் கொடுத்தது. அதை நிறுவ ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது, நிறுத்தியிருக்கிறாள். மறுநாள் அவளுடைய ஃபேஸ்புக் கணக்கு அவள் கையில் இல்லை. அம்மாவின் மின்னஞ்சலுக்குள்ளும் யாரோ புகுந்துவிட்டார்கள். "ஒரு ஃபைல் இல்லை எண்டுதானே தம்பி சொன்னது, அதுக்கு இவ்வளவா?" என்று அம்மா கேட்டா.

பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தேடியபோது அவளுக்குக் கிடைத்த பதில் அது. அதையே தமிழில் வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுப்பவர்கள் மேல்தான் கோபம். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு லிங்கநகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஆட்கள் அதையே செய்கிறார்கள், பிறகு அதே பிரச்சினையோடு வருகிறார்கள்.

இல்லாத கோப்பைக் கொண்டுவந்து வைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிழை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, அந்தக் கோப்பு தனியாக வருவதில்லை. எம்எஸ்விசிபி140 என்பது மைக்ரோசொஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற பொதியில் ஒன்று. விசிரன்டைம்140, விசிரன்டைம்140_1 போன்றவையும் அதே பொதியில்தான் இருக்கின்றன. ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் பெட்டி அடுத்ததன் பெயரைச் சொல்லும். அதையும் வைத்தால் இன்னொன்று. இரவு முழுக்க டேட்டாவைச் செலவழித்து இப்படி ஒவ்வொன்றாக இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, ஒரே பெயரில் பல கோப்புகள் உண்டு. 32 பிட் வகை மென்பொருளுக்கு ஒன்று, 64 பிட் வகைக்கு ஒன்று. அதற்குள்ளும் பல பதிப்புகள். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டருக்குள் இருக்கின்றன. எண்ணைப் பார்த்து வைப்பவர்கள் எல்லாருமே மாற்றித்தான் வைக்கிறார்கள். வைத்த பிறகு 'இல்லை' என்ற செய்தி போய், 0எக்ஸ்சி000007பி என்ற எண்ணோடு வேறொரு பெட்டி வரும். அது வந்தால் பெரும்பாலும் 32உம் 64உம் கலந்துவிட்டன என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் எனக்கு நெஞ்சு பதறும் விஷயம். டிஎல்எல் என்பது படமோ கடிதமோ இல்லை. அது இயங்கும் நிரல். நீங்கள் திறக்கும் மென்பொருளுக்குள் போய், அதற்கு உள்ள அத்தனை அனுமதியோடும் ஓடும். யார் செய்தது, இடையில் யார் மாற்றியது என்று தெரியாத ஒன்றை உங்கள் கையாலேயே சிஸ்டம் ஃபோல்டருக்குள் வைக்கிறீர்கள். 'ஒரே கிளிக்' கருவிகள் இன்னும் மோசம். அவற்றில் சில, பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். உப்புவெளிப் பிள்ளைக்கு நடந்தது அதுதான். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் எதையும் நிறுவாதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

சரி, என்ன செய்வது? பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்து அது யாருடைய கோப்பு என்று முதலில் கேளுங்கள். எம்எஸ்விசி என்றோ விசிரன்டைம் என்றோ தொடங்கினால் விஷுவல் சி++ பொதி. பின்னால் 100 இருந்தால் 2010 பதிப்பு, 110 என்றால் 2012, 120 என்றால் 2013, 140 என்றால் 2015உம் அதற்குப் பிந்தியவையும். மைக்ரோசொஃப்டின் சொந்தத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். 64 பிட் கணினியாக இருந்தாலும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் நிறுவுங்கள். பழைய மென்பொருட்கள் பல 32 பிட்தான். பிறகு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான பெட்டிகள் இத்தோடு போய்விடும்.

டி3டிஎக்ஸ்9_43 என்று வந்தால் அது பழைய கேம்களுக்கான டைரக்ட்எக்ஸ் கோப்பு. 'என்னிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே அண்ணா' என்பார்கள். இருக்கட்டும். இந்தப் பழைய துணைக்கோப்புகள் விண்டோஸ் 10உடனோ 11உடனோ வருவதில்லை. மைக்ரோசொஃப்ட் 2010 ஜூனில் வெளியிட்ட டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைம் பொதியை நிறுவ வேண்டும்.

ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தின் கோப்பான ஸ்டீம்_ஏபிஐ64 இல்லை என்று வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, கேமை எங்கே எடுத்தீர்கள் என்பதுதான். பென் டிரைவில் நண்பன் தந்த, காசு கட்டாமல் ஓடப் பூட்டு உடைத்த கிராக் கேம் என்றால், மாற்றப்பட்ட அந்தக் கோப்பை விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பெரும்பாலும் பிடித்துத் தனியே வைத்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் பாருங்கள், அங்கே இருக்கும். தயவுசெய்து அதை 'அலவ்' கொடுத்து மீட்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டொப் என்ற ரான்சம்வேர் பரவியதே பெரும்பாலும் இப்படியான கிராக்குகள் வழியாகத்தான்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டுப்போனால் அதற்கான மருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, வலது கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறவுங்கள். முதலில் டிஐஎஸ்எம் /ஒன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த். அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்னும் ஓர் இடைவெளி. முதலாவது கட்டளை வழக்கமாக நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட்டில் இருந்து எடுக்கும், அதனால் இணையம் இருக்க வேண்டும். இடையில் நெடுநேரம் நகராமல் நிற்கும். பொறுங்கள், மூடிவிடாதீர்கள். இந்த இரண்டும் விஷுவல் சி++ கோப்பையோ கேம் கோப்பையோ திருத்தித் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

திருத்திய பிறகும் திரும்பத் திரும்ப வெவ்வேறு கோப்புகள் காணாமல் போனால் விண்டோஸைத் திட்டுவதை நிறுத்திவிட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் நிலையைச் சொல்லும். எங்கள் ஊரில் ரேமையும் பார்க்க வேண்டும். கடற்கரையோர வீடுகளில் இருந்து வரும் கணினிகளில் உப்புக்காற்றால் ரேமின் தொடுமுனைகள் கறுத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். சில வேளை அதைத் துடைத்துப் போட்டதுமே சரியாகிவிடும். மழைக்காலத்தில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்க் கோப்புகள் கெடுவதும் சாதாரணம். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன யூபிஎஸ்ஸாவது வாங்குங்கள்.

டிஸ்க் சாகத் தொடங்கியிருந்தால் எந்தப் பழுதுபார்க்கும் கட்டளையையும் ஓட்ட வேண்டாம். முதலில் அதில் உள்ள குடும்பப் படங்களை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் அல்பங்களை இழந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. சொந்தக்காரரிடம் வாங்கி ஸ்கேன் செய்து வைத்த சில படங்கள்தான் அவர்களிடம் மிச்சம். அதுவும் ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு டிஎல்எல் பெட்டிக்காக ஃபோர்மட் அடிக்காதீர்கள். வந்தவர் கேட்டாலும் அடிக்காதீர்கள். சில நிமிடத்தில் தீரும் வேலை அது. அதற்காக ஒருவருடைய பாமினி எழுத்துரு, பிரின்டர் செட்டிங், அப்பாவின் கணக்குக் கோப்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் காசு வாங்குவது சரியில்லை.

தெரியாத கருவியை ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? அந்தக் கணினியை இணையத்தில் இருந்து துண்டியுங்கள். உங்கள் போனில் இருந்து முதலில் மின்னஞ்சல், அப்புறம் வங்கி, பிறகு ஃபேஸ்புக் என்று கடவுச்சொற்களை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறும் தெரிவு பலவற்றில் உண்டு, அதையும் அழுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றினாலும் திருடப்பட்ட குக்கி சில இடங்களில் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.

கடைக்குக் கொண்டுவருவதென்றால் பெட்டியை மூடுமுன் போனில் ஒரு படம் எடுங்கள். எந்த மென்பொருளைத் திறந்தபோது வந்தது, அதற்கு முன் எதை நிறுவினீர்கள், எந்தக் கோப்பை எங்கே வைத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், நான் ஏசமாட்டேன். டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் பெட்டியைப் படம் எடுக்கவோ கோப்புகளை நகலெடுக்கவோ நிற்க வேண்டாம். உடனே பவரை நிறுத்திவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.