ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்குத் தடுப்பூசி: எது இலவசம், எது காத்திருக்கணும், எதற்குக் கைக்காசு

புதன்கிழமை. ஐந்து வயதுப் பையனுக்கு டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர் போட அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறார். "கிட்னிக்கு மாத்திரை சாப்பிடுறான் சிஸ்டர்" என்று சொன்னதும், "எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கம்மா" என்று பதில் வருகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் ரிவ்யூ அடுத்த மாதம்தான். அன்றைக்கு யூரின் ரிசல்ட்டைக் காட்டி, மாத்திரை அளவைக் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஊசிப் பேச்சு விட்டுப்போகும். இப்படியே ஆறு மாதம் ஓடிவிடும்.

அந்த டிபிடி ஊசியை அன்றைக்கே போட்டிருக்கலாம். அவன் சாப்பிடும் கிட்னி மாத்திரை ஸ்டீராய்டாக இருந்தாலும் அதற்குத் தடையில்லை.

அரசின் தேசியத் தடுப்பூசித் திட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் பொது. சிறுநீரக நோய் இருப்பதால் அந்த உரிமை போய்விடாது. சொல்லப்போனால் இந்தக் குழந்தைகளுக்குத்தான் ஊசி கூடுதல் அவசியம். நெப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோயில் சிறுநீரில் புரதம் ஒழுகும்போது, நோயை எதிர்க்கும் புரதங்களும் சேர்ந்தே ஒழுகிவிடுகின்றன. போதாக்குறைக்கு ஸ்டீராய்டும் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிறது. வீக்கத்தோடு இருக்கும் குழந்தைக்கு வயிற்றில் தேங்கிய நீரில் நியூமோகாக்கஸ் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. "ஊசி போட்டா மறுபடி முகம் வீங்கிடும்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் நோயைத் திரும்பக் கூட்டிவருவது பெரும்பாலும் சளி, காய்ச்சல் போன்ற தொற்றுகள்தான்.

சரி, எதைத்தான் தள்ளிப்போட வேண்டும்? உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் செய்த மருந்துகளை மட்டும். இலவசப் பட்டியலில் பிசிஜி (காசநோய் தடுப்பூசி), போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, தட்டம்மை-ரூபெல்லா ஆகியவை இந்த வகை. வெளியில் வாங்கும் சின்னம்மை ஊசியும் இதே வகைதான். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), டிபிடி, டிடி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான்), போலியோ ஊசி, நியூமோகாக்கல், மஞ்சள் காமாலை பி ஆகியவற்றில் உயிருள்ள கிருமி இல்லை.

நெப்ரோடிக் முதல்முறை வந்தால் வழக்கமாக ஆறு வாரம் தினமும், அப்புறம் ஆறு வாரம் ஒன்றுவிட்ட நாள் என பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் எடைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்குத் தினமும் 24. இந்த அளவு இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மருந்து முடிந்து சுமார் ஒரு மாதம் கழித்தே உயிருள்ள தடுப்பூசி போடுவது பொதுவான வழக்கம். குறைந்த அளவில், ஒன்றுவிட்ட நாள் சாப்பிடும் குழந்தைக்குச் சில நேரம் முன்பே போடுவார்கள். அதைச் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டைத் தாண்டிய மற்ற எதிர்ப்பு சக்தி அடக்கும் மருந்துகளுக்குக் கணக்கே வேறு.

இதில் பலரும் கவனிக்காதது போலியோ ஞாயிறு. பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டு ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் சொட்டு ஊற்றுவார்கள். ஊற்றுகிற தன்னார்வலருக்கு உங்கள் வீட்டு மாத்திரைக் கதை தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொட்டா, ஊசியா என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

இனி இலவசப் பட்டியலில் இல்லாதவை. எனக்கு இதில் மனக்குறை உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு அவசியமென்று மருத்துவர்கள் எழுதித்தரும் மூன்று ஊசிகளைத் தனியாரில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் போட வேண்டிய ஃப்ளூ ஊசி ஒன்று, இரண்டு தவணை சின்னம்மை ஊசி ஒன்று. மூன்றாவது, நியூமோகாக்கஸ் கிருமியின் 23 வகைகளைத் தடுக்க இரண்டு வயதுக்கு மேல் போடும் ஊசி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கானது. அதைக் காட்டி மருந்துக்கடையில் ஊசி வாங்க முடியாது.

நியூமோகாக்கலில் மட்டும் பாதி நல்ல செய்தி. அதே கிருமிக்கான இன்னொரு வகை ஊசியான கான்ஜுகேட் ஊசி 2021 ஜூலையில் தமிழ்நாட்டில் இலவசத் திட்டத்துக்குள் வந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. அதற்கு முன் பிறந்த குழந்தையாக இருந்தால் அட்டையைப் புரட்டிப் பாருங்கள், அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம். 23 வகை ஊசியைக் கான்ஜுகேட் ஊசிக்குப் பிறகு குறைந்தது எட்டு வாரம் கழித்துப் போடுவார்கள், ஐந்து ஆண்டு கழித்து இன்னொன்று.

டயாலிசிஸ் செய்யும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை பி ஊசி போட்டாகிவிட்டது என்று விட்டுவிட முடியாது. எதிர்ப்பு சக்தி இறங்கிவிடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள், 10-க்குக் கீழே போனால் மறுபடி ஊசி. மாற்றுச் சிறுநீரகம் வைக்கப் போகிறார்கள் என்றால் உயிருள்ள தடுப்பூசிகளை அறுவைக்கு நான்கு வாரமாவது முன்பே முடிக்க வேண்டும். அதன்பின் பொதுவாகப் போட மாட்டார்கள்.

அலைச்சலைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த ரிவ்யூவில் மாத்திரையைக் கேட்கும் முன் தடுப்பூசி அட்டையை மேசைமேல் வைத்து, "எதெதைப் போடலாம், எதை எந்த மாசம் வரைக்கும் வேண்டாம்னு எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். இரண்டு வரி போதும். அந்தச் சீட்டையும், வீட்டில் காலையில் யூரினில் புரதம் பார்த்து 'நெகட்டிவ், ட்ரேஸ், 3+' என்று எழுதும் நோட்டையும் புதன்கிழமை கையோடு கொண்டுபோனால் சிஸ்டருக்கும் தயக்கம் இருக்காது. தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் வயது வரம்பு உண்டு: தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயது வரை, டிபிடி ஏழு வயது வரை.

ஒன்றுக்கு மட்டும் ரிவ்யூ தேதி பார்க்காதீர்கள். ஸ்டீராய்டில் இருக்கும், சின்னம்மை ஊசி போடாத பிள்ளையின் வகுப்பிலோ வீட்டிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கென்று தரும் எதிர்ப்புப் புரத ஊசி, தொட்டுப் பழகியபின் கூடியவரை சீக்கிரம், முடிந்தால் நான்கு நாளுக்குள், போடுவது நல்லது. பயந்துபோய் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.