கால்நடை மருத்துவ இன்டர்வியூ: மேசைக்கு இந்தப் பக்கமிருந்து

நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனபோது என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிளஸ் டூ மதிப்பெண், கட்-ஆஃப், தரவரிசை, கலந்தாய்வு, அவ்வளவுதான். எம்.பி.பி.எஸ். கைக்கு எட்டவில்லை, அடுத்தது இது. நாமக்கல் கல்லூரியில் என்னோடு சேர்ந்தவர்களில் பலருக்கும் இதே கதைதான். ‘ஏன் தம்பி இந்தப் படிப்பு?’ என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். இன்றும் தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண், 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு நீட். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமென்றால் ஏ லெவல் மதிப்பெண்ணிலிருந்து கணக்கிடும் இசட் ஸ்கோர். எங்கும் ஆளைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பதில்லை.

பிரிட்டனில் அப்படியில்லை. நம்மூர்ப் பட்டம் இங்கே நேரடியாகச் செல்லாது. ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் நடத்தும் தேர்வை எழுதித்தான் பதிவு வாங்கினேன். இப்போது மாடு, ஆடு, நாய், பூனை எல்லாம் வரும் ஒரு கிளினிக்கில் வேலை. சில வருடங்களாக ஒரு பல்கலைக்கழகத்தில், குளிர்காலத்தில் இரண்டு நாள், மாணவர்களை நேர்காணல் செய்யும் வெளியாட்களில் ஒருவனாகவும் போய் உட்காருகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல முடியாது. கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஆகவே கீழே வரும் கேள்விகள் அதே ரகத்தில் நானே கட்டியவை. பிள்ளைகளின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

இதை எழுத வைத்தது ஒரு போன். லண்டன் ஹாரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். “தம்பி, மகளுக்கு இன்டர்வியூ வந்திட்டுது. என்ன கேப்பினம் எண்டு சொல்லுங்கோவன், இருந்து பாடமாக்கட்டும்.”

பாடமாக்குவது என்ற அந்தச் சொல்லில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம் போக வேண்டும். மற்ற படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் இருப்பதால் பலர் இங்கேயே கோட்டை விடுகிறார்கள். மொத்தம் 5 தேர்வுகளில் கால்நடை மருத்துவத்துக்கு 4 மட்டுமே போடலாம். நம்மூர் பிளஸ் டூ மாதிரியான ஏ லெவலில் பெரும்பாலும் உயிரியலும் வேதியியலும் கேட்பார்கள். மதிப்பெண்ணும், பண்ணைகளிலும் கிளினிக்குகளிலும் பெற்ற அனுபவமும் தேறினால், குளிர்கால மாதங்களில் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள். கேம்பிரிட்ஜ் மட்டும் தனி வழி. அங்கே கல்லூரி ஆசிரியர்கள் எதிரே உட்கார்ந்து அறிவியலைக் கிண்டிக் கிண்டிக் கேட்பார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் எம்.எம்.ஐ. என்று சொல்லப்படும் குறுநேர்காணல் சுற்றுதான்.

எம்.எம்.ஐ. எப்படியிருக்கும்? நீண்ட நடைபாதையில் வரிசையாக அறைகள். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் ஒரு மாணவர். கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்க ஒன்றிரண்டு நிமிடம். மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும். ஐந்தாறு நிமிடம் கழித்து மறுபடி மணி. வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்து அடுத்த கதவுக்குப் போக வேண்டியதுதான். அறைக்கு ஒரு தேர்வாளர். நான் போட்ட மதிப்பெண் பக்கத்து அறைக்காரருக்குத் தெரியாது, அவர் போட்டது எனக்குத் தெரியாது. பிள்ளையின் பள்ளி, மதிப்பெண், வீட்டு நிலவரம் எதுவும் எங்கள் கையில் இருக்காது. கோவிட் காலத்தில் இதையே வீடியோவுக்கு மாற்றினார்கள். சில இடங்களில் அது அப்படியே தங்கிவிட்டது.

இந்த முறை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவத்துக்காக உருவானது. 2004-ல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. காரணம் எளிமையானது. பழைய முறையில் மூன்று பேர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார்கள். பிள்ளை நுழைந்து வணக்கம் சொன்ன விதத்திலேயே பாதி முடிவு ஆகிவிடும். மீதி நேரம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடுவதிலேயே போய்விடும். ஒரு கேள்விக்கு அற்புதமாகப் பேசுகிற பிள்ளை அடுத்ததில் தடுமாறுவதும் சகஜம். அதனால் பல சின்னச் சின்னக் கேள்விகள், பல ஆட்கள். ஒரு அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் புதுக் கணக்கு.

எனக்கே இதில் ஒரு பாடம் உண்டு. முதல் வருடம் பயிற்சியின்போது ஒரு வீடியோவைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். நான் 10-க்கு 9 போட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் 5, 6. அந்தப் பையன் அழகாகப் பேசினான், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. பேச்சில் மயங்கிவிட்டேன்.

சரி, அறைக்குள் என்ன நடக்கும்? ஒரு கணக்கு அறையை எடுத்துக்கொள்வோம். நாயின் எடை 24 கிலோ. மருந்து கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். பாட்டிலில் ஒரு மில்லிக்கு 1.5 மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி கொடுக்க வேண்டும்? 3.2 மில்லி. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஒரு பிள்ளை பதற்றத்தில் புள்ளியை விட்டுவிட்டு 32 என்று எழுதியது. அது பெரிய தப்பில்லை, யாருக்கும் நடக்கும். மேசை மேல் ஒரு 5 மில்லி ஊசிக்குழல் இருந்தது. “இதில் எப்படி எடுப்பீர்கள்?” என்று கேட்டேன். “ஏழு தடவை எடுப்பேன்” என்றது. நான் காத்திருந்தது, அந்தக் குழலைப் பார்த்ததும் ‘ஏதோ இடிக்கிறதே’ என்று கை ஒரு நொடி நிற்குமா என்றுதான். கிளினிக்கில் ராத்திரி இரண்டு மணிக்கு நாயைக் காப்பாற்றுவது அந்த இடிப்புதான்.

இன்னொரு அறையில் நடிகர் ஒருவர் இருப்பார். நீங்கள் ஒரு நாய்க் காப்பகத்தில் உதவிக்கு இருக்கிறீர்கள், கதவைச் சரியாகச் சாத்தாததால் ஒரு லேப்ரடார் ஓடிவிட்டது, இப்போது சொந்தக்காரர் வந்திருக்கிறார், சொல்லுங்கள். நம் பிள்ளைகள் இங்கே இரண்டில் ஒன்று செய்வார்கள். தாழ்ப்பாள் சரியில்லை என்று ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் “கட்டாயம் கிடைத்துவிடும், கவலைப்படாதீர்கள்” என்று கைக்கு மீறிய வாக்குக் கொடுப்பார்கள். ஒரு பெண் மட்டும் சில நொடி ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “கதவைச் சாத்தாமல் விட்டது நான்தான். மன்னியுங்கள்” என்றாள். நடிகர் கத்தினார். கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “அவன் விசிலுக்கு வருவானா, பேர் சொன்னால் வருவானா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் நடிகரே கொஞ்சம் அசந்துபோனார். எனக்கும் பேனா வேகமாக ஓடியது.

இதெல்லாம் நாடகம், மாட்டு டாக்டருக்கு எதற்கு என்று சில அப்பாக்கள் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, கிளினிக்கில் வரும் புகார்களில் கத்தி தவறியதை விட வாய் தவறியதே அதிகம். பேசத் தெரியாத பிராணிக்கும் பணம் கட்டுகிற மனிதருக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் நாள் முழுக்க வேலை. இங்கே மனிதனுக்கு என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை இருக்கிறது, மாட்டுக்கு இல்லை. நம்மூர் அரசு கால்நடை மருந்தகத்தைப் போல ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் நிற்க முடியாது. எந்தச் சிகிச்சையானாலும் ‘எவ்வளவு ஆகும்?’ என்ற பேச்சு வந்தே தீரும்.

அனுபவம் பற்றிய அறையில்தான் இது நன்றாகத் தெரியும். சில பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள்: ஆறு கிளினிக், ஒரு குதிரை லாயம், கருத்தடை ஆபரேஷன் பார்த்தேன், பல் ஆபரேஷன் பார்த்தேன். “அதில் எது உங்களை உறுத்தியது?” என்றால் மௌனம். செம்மறி ஆடுகள் குட்டி போடும் ஈற்றுக் காலத்தில் ஐந்தே நாள் பண்ணைக்குப் போன ஒரு பையன் வந்தான். ஓர் ஆட்டுக்குக் குட்டி வெளியே வரவில்லை, சிசேரியன் செலவு ஆட்டின் விலையைத் தாண்டிவிடும், விவசாயி வேண்டாம் என்றுவிட்டார். ஆட்டைக் கருணைக்கொலை செய்து குட்டியை மட்டும் எடுத்தார்கள். “அவர் மேல் கோபம் வந்தது. அப்புறம் அவரே அந்தக் குட்டியைத் துடைத்து வீட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன நினைப்பதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை” என்றான். ‘தெரியவில்லை’ என்று சொன்னதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. ‘சின்ன வயதிலிருந்தே விலங்குகள் என்றால் எனக்கு உயிர்’ என்ற வாக்கியத்தை ஒரே நாளில் இருபது தடவை கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நாட்டு நடப்பும் வரும். மாட்டுக் காசநோயைப் பரப்புவதாகச் சொல்லப்படும் பேட்ஜர் என்ற காட்டு விலங்குகளைக் கொல்லலாமா, மூச்சுவிடத் திணறும் பக், பிரெஞ்ச் புல்டாக் நாய் இனங்களை வளர்க்கலாமா, இப்படி. ஒரு பக்கம் சாய்ந்து வழக்காடுவதை விட மறுபக்கத்தின் நியாயத்தையும் சொல்லிவிட்டுத் தன் முடிவைச் சொல்வது நல்லது. ஜல்லிக்கட்டு பற்றிக் கேட்பார்களா என்று ஒருவர் கேட்டார். கேட்டால் நல்லதுதான், இரண்டு பக்கமும் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை நம் பிள்ளைதானே.

வீட்டில் நாய் இல்லை, சொந்தத்தில் பண்ணை இல்லை என்று பயப்பட வேண்டாம். மட்ஷூட் போன்ற நகரப் பண்ணைகள் லண்டனுக்குள்ளேயே இருக்கின்றன. கிளினிக்குகளுக்குப் போன் போட்டால் இருபதில் பத்தொன்பது இடம் முடியாது என்பார்கள். அதையும் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அரசுப் பள்ளியில் படித்து, வீட்டு வருமானமும் குறைவாக இருந்தால், லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜில் ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கும் கேட்வே வழி உண்டு. தகுதி இருந்தும் பல தமிழ்க் குடும்பங்கள் அதன் பேரையே கேள்விப்பட்டதில்லை.

இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பாவோ அம்மாவோ கால்நடை மருத்துவராக இருக்கும் பிள்ளைக்கு இந்த அறைகள் பழகின வீடு மாதிரி. காசு வாங்கிக்கொண்டு எம்.எம்.ஐ. பயிற்சி கொடுக்கும் ஆட்களும் பெருகிவிட்டார்கள். ஆனால் அங்கே போய்வந்த பிள்ளைகளை நாங்கள் அடையாளம் கண்டுகொள்கிறோம். எல்லோரும் ஒரே மாதிரி ‘இது ஒரு சிக்கலான நெறிமுறைப் பிரச்சினை’ என்று தொடங்குகிறார்கள்.

அக்காவிடம் திரும்புகிறேன். நான் நேர்காணல் செய்யும் பல்கலைக்கழகம் மகளின் பட்டியலில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவளை அழைத்துவரச் சொன்னேன். வந்தவள் மனப்பாடம் செய்த பதிலை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். முடித்ததும், போன ஈஸ்டருக்கு ஈற்றுப் பண்ணைக்குப் போனாயே, என்ன பார்த்தாய் என்று கேட்டேன். போனில் எழுதி வைத்திருந்ததைத் தேடி எடுத்துப் படித்தாள். நாலாம் நாள், செத்த குட்டி ஒன்றின் தோலை உரித்து, தாயில்லாத இன்னொரு குட்டிக்குச் சட்டை மாதிரிப் போட்டுவிட்டார்கள். செத்த குட்டியின் தாய் அதை மோந்து பார்த்துவிட்டுப் பால் குடிக்க விட்டது. அவளுக்கு வாந்தி வந்தது, ஆனால் அடுத்த நாள் விடிந்ததும் முதலில் அந்தக் கொட்டிலுக்குத்தான் ஓடியிருக்கிறாள்.

“இதைச் சொல்லலாமா அங்கிள்?” என்றாள். “அருவருப்பா இருக்கும், வேண்டாம் எண்டு அம்மா சொன்னவா.”