பாட்டில் மீன் சொன்ன சாட்சி

கல்யாண வீட்டுக்குப் போனால் யாராவது ஒரு பெரியம்மா உங்கள் கன்னத்தைக் கிள்ளி, "அப்படியே தாத்தா ஜாடை!" என்பார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு மீனுக்கு இப்படி ஜாடை பார்த்தே உறவு சொல்லி, நன்றாக ஏமாந்துபோனார்கள்.

அந்த மீன் கிரீன்பேக் கட்த்ரோட் ட்ரவுட். பச்சை பாய்ந்த முதுகு, வால் பக்கம் கரும்புள்ளிகள், தாடைக்கு அடியில் கத்தியால் கீறியதுபோல் ஒரு செங்கோடு. குளிர்ந்த மலை ஓடைதான் அதன் வீடு. சுரங்கக் கழிவு அந்த ஓடைகளைக் கெடுத்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட புரூக் ட்ரவுட், இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொண்டது. ரெயின்போ ட்ரவுட்டோ கிரீன்பேக்குடன் சேர்ந்து கலப்புக் குஞ்சுகளை உண்டாக்கியது. (நம் நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் விட்டதும் இதே ரெயின்போதான்.) 1937இல், கிரீன்பேக் அழிந்தேவிட்டது என்று எழுதிவிட்டார்கள்.

அப்புறம் 1950களில் அதே ஜாடையில் சில மீன்கள் கிடைத்தன. சந்தோஷமாக அவற்றைப் பெருக்கி ஓடை ஓடையாக விட்டார்கள்.

சரி, அவை அசல்தானா? 1800களில் பிடித்துச் சாராயத்தில் ஊறப்போட்ட மீன்கள் அருங்காட்சியகப் பாட்டில்களில் இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து துளி சதை எடுத்தார்கள். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் டிஎன்ஏ, சதையின் ஒவ்வொரு செல்லிலும் நீளமான எழுத்து வரிசைபோல இருக்கும். நூறு வருடத்துக்கு மேல் ஊறியதில் அது, கரையான் அரித்த நோட்டுபோலத் துண்டு துண்டாகியிருந்தது. மிஞ்சிய துண்டுகளைப் பல மடங்கு நகலெடுத்துப் படித்து, ஓடை மீன்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். 2012இல் முடிவு வந்தது. அத்தனை காலம் கிரீன்பேக் என்று வளர்த்தவை அதன் பங்காளிகள்!

ஒரே ஓர் ஓடையின் மீன்கள் மட்டும் பொருந்தின. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு அருகே, பேர் கிரீக் என்ற ஓடையில் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு மட்டும் அவை இருந்தன. வேடிக்கை என்னவென்றால், அது கிரீன்பேக்கின் சொந்த ஊரே இல்லை. சவுத் பிளாட் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த அந்த மீனை, சுற்றுலா வருகிறவர்கள் தூண்டில் போடட்டும் என்று 1800களின் பிற்பகுதியில் யாரோ அங்கே விட்டிருக்கிறார்கள். தூண்டிலுக்காக விட்ட மீன்தான் வம்சத்தைக் காப்பாற்றியது.

பேர் கிரீக் மீன்களின் முட்டைகளைப் பண்ணையில் பொரிக்கவைத்து, மற்ற மீன்களை அகற்றிய சிம்மர்மேன் ஏரியில் 2014இல் விட்டார்கள். ஹெர்மன் கல்ச் ஓடைக்குத் தன்னார்வலர்கள் தண்ணீர்ப் பையில் குஞ்சுகளை முதுகில் சுமந்து மலையேறினார்கள். தாய் மீன் கூழாங்கல்லை வாலால் விலக்கிக் குழி பறித்துத்தான் முட்டையிடும். அந்த ஓடையில் மீன்கள் தாமாகவே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டன என்ற செய்தி 2022இல் வந்தது.