உங்கள் இயல்பு தெரியும் உருவப்படம்: கேமராவின் முன் அமர்வதற்கு முன்பு

தொழில்சார்ந்த உருவப்படம் எடுத்துக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலோர் இருக்கையில் அமர்ந்ததும், கையை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் அதற்கு முன்பு, இந்தப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்தபின் அவர்கள் உங்களிடம் எதற்காக வரப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர், கறுப்புக் கோட்டும் கட்டிய கைகளுமாக ஒரு நிறுவனத் தலைவரைப் போன்ற படம் வேண்டும் என்று கேட்டார். பேச்சு அவரிடம் வரும் குழந்தைகளைப் பற்றித் திரும்பியபோது, அவர் தம்மை அறியாமலே முன்னால் சாய்ந்து, தலையைச் சற்றுக் குனிந்து பேசத் தொடங்கினார். அவர் இறுதியில் தேர்ந்தெடுத்த படம் அந்தச் சாய்வில் எடுக்கப்பட்டதுதான்.

ஆகவே, படப்பிடிப்பு நேரத்தின் முதற்பகுதியைப் பேச்சுக்கு ஒதுக்காத கலைஞரிடம் இயல்பான முகத்தை எதிர்பார்ப்பது கடினம். முகபாவம் பெரும்பாலும் எதிரில் இருப்பவருக்கு நாம் தரும் பதிலாகவே அமைகிறது. 1941 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் ஒளிப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் எடுத்த புகழ்பெற்ற படத்தில் வின்ஸ்டன் சர்ச்சில் முறைப்பது, வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் அந்த நொடியில் எடுத்துவிட்டதால்தான். (இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.) புன்னகைக்கும் இதே விதி பொருந்தும். மனமார்ந்த சிரிப்பில் உதடுகளோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1862இலேயே எழுதிவிட்டார். "சிரியுங்கள்" என்று சொன்னால் உதடு கேட்கும், கண் கேட்காது. கேட்டுவிட்டாலும் அந்தச் சிரிப்பைச் சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைத்தால் அது இறுகிவிடும். எனவே கண்களை மூடி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, பிறகு கண்களைத் திறக்கச் சொல்கிறேன். திறந்த உடனே கிடைக்கும் பார்வையில் பாசாங்கு குறைவாக இருக்கும்.

"என் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, முகம் உருண்டையாக விழுகிறது" என்ற கவலையுடன் வருபவர்கள் மிகுதி. இவர்களில் பலர் கைபேசியில் தாங்களே எடுத்த படங்களைப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கேமரா மிக அருகில் இருக்கும்போது, அதற்கு நெருக்கமாக இருக்கும் மூக்கு பெருத்தும், பின்னால் இருக்கும் காதுகள் சிறுத்தும் பதிவாகின்றன. சுமார் ஒன்றரை மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 30 சென்டிமீட்டரில் எடுத்த படத்தில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தோன்றும் என்று 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. லென்ஸின் மீது பழி போடுகிறோம். உண்மையான காரணம் தொலைவு. உருவப்படக் கலைஞர்கள் 85 முதல் 135 மி.மீ. வரையிலான குவியத் தொலைவு கொண்ட லென்ஸ்களை விரும்புவதும், சற்றுத் தள்ளி நின்றே முகத்தைச் சட்டகத்தில் நிறைக்க அவை இடம் தருவதால்தான். வீட்டிலேயே எடுத்துக்கொள்ள நேர்ந்தால், கைபேசியை வேறொருவரிடம் கொடுத்து, இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, பின்புறக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். பெரிய ஜன்னல் ஒன்று பக்கவாட்டில் இருந்தால் ஒளிக்கு வேறு ஏற்பாடு வேண்டியதில்லை.

உடையைப் பற்றி நீண்ட அறிவுரை தேவையில்லை. முக்கியமான சந்திப்புக்கு நீங்கள் வழக்கமாக அணிவதை அணியுங்கள். படத்துக்காகவே வாங்கிய உடையில் தோள்கள் இறுகிக் கிடக்கும். மிக நுண்ணிய கோடுகளைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் டிஜிட்டல் படத்தில் அவை அலை அலையாக நெளியக்கூடும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியுடனே இருக்கட்டும். அதில் விழும் ஒளியைத் திருப்பிவிடுவது எங்கள் வேலை.

ரீடச்சிங், அதாவது எடுத்த படத்தில் பிறகு செய்யும் திருத்தம், எந்த அளவுக்கு என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டு வாரத்தில் மறையக்கூடிய பருவை நீக்கலாம். மச்சம், தழும்பு, சிரித்துச் சிரித்து விழுந்த கோடுகள் இருக்கட்டும் என்பது என் வழக்கம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் உருவாக்கும் படங்களில் தோல் மழமழவென்று இருக்கிறது, கோட்டும் பொருந்துகிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் காணொளி அழைப்பில் உங்களைச் சந்திப்பவர், முதல் நிமிடத்தை முகத்தை ஒப்பிடுவதிலேயே கழிப்பார். உங்களை நம்ப வேண்டியவருக்கு அப்படி ஒரு தயக்கத்தைக் கொடுப்பானேன்?

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நாம் நாள்தோறும் பார்ப்பது கண்ணாடியில் இடம் வலமாக மாறிய முகத்தை. 1977இல் நடந்த ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் தங்களுடைய கண்ணாடிப் பிம்பப் படத்தையும், அவர்களின் நண்பர்கள் மாற்றப்படாத படத்தையும் அதிகம் விரும்பினர். எனவே ஐந்தாறு படங்களை உடன் பணிபுரியும் இருவரிடம் காட்டி, எது அழகாக இருக்கிறது என்று கேட்காமல், எது என்னைப் போல இருக்கிறது என்று கேளுங்கள். தேர்ந்தெடுத்த படத்தைப் பெறும்போது, தலைக்கு மேலும் பக்கங்களிலும் இடம் விட்ட பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பல இணையதளங்கள் படத்தை வட்டமாக வெட்டிவிடும்.