பறித்த பிறகும் வளரும் காளான்

"செவ்வாய்க்கிழமை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்த காளான் வெள்ளிக்கிழமை எடுத்தால் பழுப்பாகி வழவழக்கிறதே, குளிரில்தானே இருந்தது?" என்று மாடிவீட்டு அக்கா கேட்டார்.

குளிர் எதையும் நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான். கத்தரிக்காய்க்கு மெழுகு பூசினாற்போல் தோல் இருக்கிறது, காளானுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. உடம்பில் 90 சதவீதம் தண்ணீர், சுவாசமும் வேகம். அதனால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்.

ஆனால் எனக்கு ஆசையாக இருப்பது இன்னொரு விஷயம். ஒரு பட்டன் காளானைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். புதிதாக இருந்தால் காம்பையும் குடையையும் ஒரு வெள்ளைச் சவ்வு இணைத்து மூடியிருக்கும். சில நாள் கழித்துப் பார்த்தால் சவ்வு கிழிந்து, குடை விரிந்து, உள்ளே சாக்லேட் நிறத்தில் மெல்லிய மடிப்புகள் தெரியும். பறித்துவிட்டோம் என்பதெல்லாம் அதற்குக் கணக்கே இல்லை! வித்துக்களைப் பரப்புவதுதான் அதன் வேலை. கீழிருந்து உணவு வராததால் காம்பில் இருப்பதையே எடுத்து மேலே மடிப்புகளுக்கு அனுப்பி, டப்பாவுக்குள் இருந்தபடியே அந்த வேலையை முடிக்கப் பார்க்கிறது.

இப்படித் தன்னையே தின்னும்போது செல்களின் சவ்வுகள் தளர்ந்துபோகும். அதுவரை தனித்தனியாக இருந்த பீனால்கள் என்ற வேதிப்பொருள்களும் டைரோசினேஸ் என்ற நொதியும் ஆக்சிஜன் முன்னிலையில் கலந்து, கடைசியில் மெலனின் என்ற நிறமி உண்டாகிறது, அதுதான் அந்தப் பழுப்பு. நம் தோலில் மெலனின் உருவாவதும் டைரோசினேஸால்தான். விரலால் அழுத்திப் பிடித்த இடம் கொஞ்ச நேரத்தில் கறுப்பதும் இதே கதை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் யினோங் யாங், மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையில், பட்டன் காளானில் இந்த வகை நொதிக்கான ஆறு மரபணுக்களில் ஒன்றை முடக்கி, நொதியின் செயல்பாட்டை 30 சதவீதம் குறைத்தார். 2016இல் அந்த நாட்டு வேளாண்துறை அந்தக் காளானுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்றது. அருமையான வேலை. ஆனால் நம் ஊரில் கொட்டகை போட்டுக் காளான் வளர்க்கிறவருக்கு, பறித்த உடனே குளிர வைக்க ஒரு சின்ன அறையும் கடை வரை குளிர் குறையாத வண்டியும்தான் முதலில் வேண்டும், ஆராய்ச்சிப் பணமும் அந்தப் பக்கம் வரவேண்டும் என்பது என் கருத்து.

அக்காவின் டப்பாவில் பிளாஸ்டிக் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். அது சொட்டி ஈரமாகவே கிடக்கும் இடத்தில் பாக்டீரியா பெருகும், வழவழப்பு வருவது அதனால்தான். சூடோமோனாஸ் டொலாசி என்ற ஒன்று செல்சவ்வில் ஓட்டை போடும் நஞ்சையே சுரந்து பழுப்புத் திட்டுகளை உண்டாக்கும். கழுவாமல் காகிதப் பையில் வைத்தால் ஈரம் தேங்காது, அப்புறம் இரண்டு மூன்று நாளில் சமைத்துவிட வேண்டும். லேசான பழுப்பு பரவாயில்லை, வழவழப்போ கெட்ட வாடையோ இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

சிப்பிக் காளானின் அடிக்காம்பில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்வதைப் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அது அந்தக் காளானின் சொந்த இழைதான், ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மறுபடி வளரத் தொடங்கியிருக்கும்.